நாலு சினை மீன்

உக்காருங்க தம்பி, காலி சீட்டுதான். பையை மேல வைக்காதீங்க, இவன் பிரேக் போட்டா நேரா மண்டையில விழும். மடியிலேயே வச்சுக்குங்க. என்ன பாக்குறீங்க, குடிச்சிருக்கேன்னா? கண்ணு செவந்திருக்கும், தெரியும். குடிக்கல தம்பி. பதினோரு நாளா தூக்கம் இல்ல, அவ்வளவுதான்.

நீங்க மீன் சாப்பிடுவீங்கல்ல? கடல்மீனைச் சொல்லல. கெண்டை, குளத்துக் கெண்டை. ஏரியைக் குத்தகைக்கு எடுக்குறவன் குஞ்சு வாங்கி விடுறான், எட்டு மாசத்துல பெருசாப் பிடிக்கிறான், நாம குழம்பு வைக்கிறோம். அந்தக் குஞ்சு எங்கேருந்து வருதுன்னு யாராச்சும் கேட்டிருக்காங்களா? என் கையிலேருந்து வந்துச்சு தம்பி. பத்தொன்பது வருஷம். தனபாலன் மீன்குஞ்சுப் பண்ணையில மேனேஜர் ராசமாணிக்கம்னா குத்தகைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சிருந்துச்சு. இப்ப எப்படியோ.

நான் ஒரு தப்பும் பண்ணல தம்பி. அதை முதல்லயே சொல்லிடறேன். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

வெள்ளிக்கெண்டை, புல்கெண்டைன்னு ரெண்டு ஜாதி இருக்கு. ஆத்துல புது வெள்ளம் வந்தா தானா முட்டை விடும். தொட்டியில விடாது. அதுக்கு ஊசி போடணும். முதநாள் சாயந்திரம் கொஞ்சம், மறுநாள் காலையில மிச்சம். போட்டு அஞ்சு மணி நேரம், ஆறு மணி நேரம் கழிச்சு முட்டை வயித்துக்குள்ள கழண்டு நிக்கும். அப்ப ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் வயித்தை மெதுவா நீவி முட்டையைப் பிழியணும். கழலாத நேரத்துல பிழிஞ்சா ரத்தமும் கட்டியுமா வரும், மீனும் போயிடும். கழண்டப்புறம் ஒரு மணி நேரம் விட்டீங்கன்னா முட்டை உள்ளயே கெட்டுடும், வெளுத்துப் போயி தண்ணியா ஓடும். நடுவுல கொஞ்ச நேரம்தான் நல்ல நேரம். அந்த நேரத்தைப் பிடிக்கறதுதான் தம்பி இந்தத் தொழிலே.

நான் எப்படிப் பிடிப்பேன்னா, கணக்கு. தண்ணி இத்தனை டிகிரின்னா இத்தனை மணி நேரம். ட்ரெய்னிங்ல குடுத்த அட்டவணை. நானே பெருசா எழுதிச் சுவத்துல ஒட்டியிருந்தேன். வர்ற ஆபீசருங்க எல்லாம் அதைப் பாத்துட்டு, "பரவாயில்லையே ராசமாணிக்கம்"னு சொல்லிட்டுப் போவாங்க.

குணவதி தொட்டி கழுவ வந்தவ. ஆறு வருஷத்துக்கு முன்னாடி. புருஷன் கிடையாது, ஒரே பொண்ணு, அதைக் கட்டிக் குடுத்துட்டா. கழுவிக்கிட்டே மீனைப் பாத்துக்கிட்டு இருப்பா. பாத்துட்டுச் சும்மா இருக்க மாட்டா. "இது இன்னும் ஆவல சார், சுவரோரமா சும்மா கெடக்கு பாருங்க"ம்பா. இல்லாட்டி, "இது ஆயிடுச்சு, ஆணை ஒரசிக்கிட்டே சுத்துது, பிடிங்க சார்"ம்பா. ஒரு தடவை சரியா இருந்துச்சு. ரெண்டு தடவை சரியா இருந்துச்சு. குருட்டாம்போக்குல நடக்கறதுதானே? ஆனா முதலாளி என்ன பண்ண ஆரம்பிச்சாரு தெரியுமா? தொட்டிக்கிட்ட வந்து நின்னு, என்னைத் தாண்டி, "என்னம்மா குணவதி, ஆயிடுச்சா?"ன்னு கேப்பாரு. அட்டவணை சுவத்துல இருக்கு, மேனேஜர் பக்கத்துல நிக்கிறேன், கேக்குறது தொட்டி கழுவுறவகிட்ட. எனக்கு வருத்தமில்ல தம்பி. நான் அதையெல்லாம் பெருசா எடுத்துக்கறவன் இல்ல.

இந்த வருஷம் சித்திரையில குளத்துல பாசி அழுகி, ஒரே ராத்திரியில, விடியறதுக்குள்ள தாய் மீன் முக்காவாசி செத்து மிதந்துடுச்சு. எட்டு வருஷம் தீனி போட்டு வளத்தது. வெள்ளிக்கெண்டையில பெட்டை மிஞ்சினது நாலே நாலு. ஒவ்வொண்ணும் ஆறு, ஏழு கிலோ. முதலாளி கரையில நின்னு அழுதாரு. அப்புறம் எங்க ஒன்பது பேரையும் கூப்பிட்டு, "இந்த ஆனியில இந்த நாலும் குஞ்சு குடுத்தா பண்ணை நடக்கும். இல்லாட்டி தொட்டியை இடிச்சுட்டுத் தென்னம்பிள்ளை வைக்கப் போறேன். என்னால முடியல"ன்னாரு. என்னைப் பாத்துதான் சொன்னாரு. ஒன்பது குடும்பம் தம்பி.

ஆனி பொறந்து நாலாம் நாள் ரெண்டு பெட்டைக்கு ஊசி போட்டேன். காலையில ஆறு மணிக்கு ரெண்டாவது ஊசி. தண்ணி இருபத்தொம்பது டிகிரி. கணக்குப்படி பதினொன்றரைக்குப் பிழியணும். ஒன்பது மணிக்கு வானம் மூடிக்கிச்சு, ஒரு மணி நேரம் மழை கொட்டுச்சு. ஆனியில யாரு மழையை எதிர்பாத்தா? பதினொன்றரைக்கு மீனைப் பிடிங்கடான்னேன். குணவதி வந்து குறுக்கே நிக்கிறா. "சார், தண்ணி ஜில்லுனு இருக்கு. மீனு இன்னும் படுத்தே கெடக்கு. ஒரு மணி நேரம் விடுங்க சார்." எல்லார் முன்னாடியும். முதலாளி அங்க இல்ல, டவுனுக்குப் போயிருந்தாரு. நான் சொன்னேன், "உன் வேலையைப் பாரு குணவதி."

முத மீனைப் பிழிஞ்சேன். வரல. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கட்டி கட்டியா, ரத்தத்தோட. அதைத் திரும்பத் தண்ணியில விட்டோம், பத்து நிமிஷத்துல வயித்தைக் காட்டிடுச்சு. ஏழு கிலோ மீன்.

அப்பதான் தண்ணியில டிகிரி பாத்தேன். இருபத்தஞ்சு. சரி, மழை பண்ணின வேலை, என் கணக்குல தப்பில்ல பாருங்க. இருபத்தஞ்சுக்கு எவ்வளவுன்னு திரும்பக் கணக்குப் போட்டேன். மத்தியானம் ரெண்டரை மணிக்குன்னு வந்துச்சு. அதுக்குள்ள வெயில் வந்து தண்ணி திரும்பச் சூடாயிடுச்சு. ஒரு மணி இருக்கும், குணவதி ஓடி வர்றா. "சார், இப்ப சார், இப்பவே பிடிங்க. ரெண்டு முட்டை தானா விழுந்துடுச்சு, பாருங்க." நான் பாத்தேன். அடியில என்னமோ மினுங்குச்சு. முட்டையாவும் இருக்கலாம், காத்துக் குமிழியாவும் இருக்கலாம். முத மீன் அவசரப்பட்டதுல போச்சு, இதுலயும் அவசரப்படலாமா? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ரெண்டரை வரைக்கும் பொறுத்தேன். அவ தொட்டியோரமே நின்னா. அந்த நிக்கிறது இருக்கே, அது பேசுறதை விட மோசம்.

ரெண்டரைக்குப் பிடிச்சோம். வயித்துல கை வச்சதும் கொட்டுச்சு. நிறைய கொட்டுச்சு, ஒரு தட்டு நிறைய. எனக்குப் போன உசுரு வந்துச்சு. ஆனா நிறம் சரியில்ல. நல்ல முட்டை லேசா பச்சை கலந்த சாம்பலா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மணி மணியா இருக்கும். இது வெளுத்து, கஞ்சி மாதிரி தண்ணியோட வந்துச்சு. ஆணோட விந்தைப் பிழிஞ்சு, கோழி இறகால கலக்கி, தண்ணி ஊத்தி, எல்லாம் முறைப்படி பண்ணினேன். சாயந்திரம் பாத்தா அரிசி கொட்டினாப்ல அத்தனையும் வெள்ளை. அத்தனை லட்சம் முட்டையில ஒண்ணுல கூட உசுரு இல்ல.

அந்த நேரம் பாத்து முதலாளி வந்துட்டாரு. தொட்டியைப் பாத்தாரு. செத்த மீனைப் பாத்தாரு. "என்ன ஆச்சு ராசமாணிக்கம்?"

தம்பி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. முட்டையில ஊசிமுனை அளவு ஒரு வாசல் இருக்கு. விந்து அது வழியாத்தான் உள்ள போகணும். தண்ணி பட்டா கொஞ்ச நேரத்துல அந்த வாசல் மூடிக்கும். அதனால முட்டை பிழியற தட்டுல பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. இது புஸ்தகத்துல இருக்கறது. நான் அதைத்தான் சொன்னேன். "தட்டுல ஈரம் இருந்திருக்கலாம் முதலாளி"ன்னேன். இருந்திருக்கலாம்னுதான் சொன்னேன். இருந்துச்சுன்னு சொல்லல. குணவதி பேரை நான் எடுக்கவே இல்ல. தட்டு கழுவறது யாருன்னு அவரா கேட்டாரு. கேட்டா சொல்லாம இருக்க முடியுமா?

அவ என்னைப் பாத்தா. முதலாளி கத்தினாரு. அவரும் பாவம், நாலுல ரெண்டு போச்சு. "இனிமே தொட்டிப் பக்கம் வராதே"ன்னுட்டாரு. அவ சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பண்ணை வாசல்ல போயித் திரும்பிப் பாப்பான்னு நினைச்சேன். பாக்கல.

சரி, அதோட விட்டுச்சா? மிச்சம் ரெண்டு மீன் இருக்கே. முதலாளி தினம் காலையில வந்து, "எப்ப?"ம்பாரு. நான் தண்ணி சரியில்லம்பேன், மீன் இன்னும் முத்தலம்பேன். ஒன்பது நாள் ஓட்டினேன். உண்மையில என்னன்னா தம்பி, மீனைத் தொடவே என்னால முடியல. சோத்துல கை வச்சா மீன் வயித்துல கை வச்ச மாதிரி இருந்துச்சு. அட்டவணையைப் பாத்தா நம்பர் தெரியுது, நம்பிக்கை வரல. வீட்டுல இந்திராணி, "என்னங்க, என்னமோ மாதிரி இருக்கீங்க"ன்னு கேட்டா. பித்தம்னேன்.

பத்தாம் நாள் காலையில ரெண்டுக்கும் ரெண்டாவது ஊசியைப் போட்டுட்டு, வண்டியை எடுத்துக்கிட்டு அவ ஊருக்குப் போனேன். நானே போனேன் தம்பி, மேனேஜர்! குறுவை நடவு நடந்துக்கிட்டு இருக்கு. வரிசையில ஒருத்தியா முழங்கால் சேத்துல குனிஞ்சு நிக்கிறா. வரப்புல நின்னு கூப்பிட்டேன். நிமிந்து பாத்துட்டுத் திரும்பக் குனிஞ்சு நாத்தை நட்டா.

"குணவதி, ரெண்டு மீனுக்கும் ஊசி போட்டாச்சு. என்னால முடியாது. நீ வரணும்."

நட்டுக்கிட்டே இருந்தா. பக்கத்துல நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிக்குதுங்க. நான் செருப்பைக் கழட்டிட்டுச் சேத்துல இறங்கிட்டேன். வேட்டியெல்லாம் சேறு.

"குணவதி, ஒன்பது குடும்பம்."

அப்பதான் நிமிந்தா. "எத்தனை மணிக்குப் போட்டீங்க?"ன்னா. ஆறு மணின்னேன். சூரியனைப் பாத்தா, கையை அலம்பினா, வரப்புல ஏறினா. ஏறிட்டுச் சொல்றா: "தட்டு காஞ்சிருந்துச்சுன்னு முதலாளி முன்னாடி சொல்லுங்க. சொன்னப்புறம்தான் மீனைத் தொடுவேன்."

சரி சரி, வான்னேன். வேற என்ன சொல்ல? வண்டியில ஏத்திக்கிட்டு வந்தேன். எனக்கு ஒரு நினைப்பு. மீனைப் பாத்தா மனசு இளகிடும், தொட்டுடுவா. அவ குணம் எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்குப் பண்ணையில இருக்கோம். முதலாளி நிக்கிறாரு. ஒன்பது பேரும்... எட்டுப் பேரும் நிக்கிறாங்க. முதலாளி அவளைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. குணவதி தொட்டிச் சுவத்துல உக்காந்தா. தண்ணியைப் பாத்தா. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டா. என்னைப் பாத்தா.

நான் சொல்லியிருப்பேன் தம்பி. சத்தியமா சொல்லியிருப்பேன். ஆனா அத்தனை பேரும் நிக்கிறாங்களே. பத்தொன்பது வருஷமா என்னை மேனேஜர் சார்னு கூப்பிட்ட பயலுங்க. "துண்டை எடுங்கடா, இறகு எங்கடா"ன்னு அவங்களை விரட்டிக்கிட்டு இருந்தேன். அவ அசையல.

பெரிய பெட்டை சுத்த ஆரம்பிச்சுது. ஆண் ரெண்டும் பின்னாடியே போகுதுங்க. முதலாளி கேட்டாரு, "என்னம்மா, ஆயிடுச்சா?" அவ என்னைத்தான் பாக்குறா. "ஏன் ராசமாணிக்கம், அந்தம்மா ஏன் பேச மாட்டேங்குது?" "அது... பாத்துக்கிட்டு இருக்கு முதலாளி"ன்னேன். பத்து நிமிஷம். வெயில் ஏறுது. இருபது நிமிஷம். முட்டை ஒண்ணு ரெண்டு தானா நழுவி விழுது, இந்தத் தடவை நானே பாத்தேன். நல்ல முட்டை தம்பி. தண்ணியில விழுந்ததும் கண்ணாடி மணி மாதிரி ஊதிக்கிட்டு அடியில உருளுது. வீணாப் போகுது. குணவதி கண்ணுல தண்ணி நிக்குது, கையை மட்டும் எடுக்கல. விரல் மேல விரலைப் போட்டு இறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா, நகமெல்லாம் வெள்ளையாப் போச்சு. சொல்லணும்னு வாயைத் தொறந்தா இருமல்தான் வருது. முக்கால் மணி நேரம் தம்பி. முக்கால் மணி நேரம் நான் அங்க நின்னேன்.

கடைசியில முதலாளி கீழ உக்காந்துட்டாரு. தலையில கையை வச்சுக்கிட்டு, "போச்சு, எல்லாம் போச்சு"ன்னாரு. அப்ப எனக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியல. "தட்டு காஞ்சுதான் இருந்துச்சு முதலாளி. அன்னைக்குத் தட்டைத் துடைச்சதே நான்தான்"னு கத்திட்டேன். "அவ ரெண்டு தடவையும் சரியாச் சொன்னா, நான்தான் கேக்கல."

சொல்லி முடிக்கல, அவ தொட்டிக்குள்ள குதிச்சுட்டா.

பெருசை முதல்ல பிடிச்சா. வயித்துல கை வச்சதுமே அவ மூஞ்சி மாறிடுச்சு. தண்ணியாத்தான் வந்துச்சு. தட்டை அப்படியே ஓரமாத் தள்ளிட்டு, "அடுத்ததைக் குடுங்க"ன்னா. அடுத்தது கொஞ்சம் சின்னது, முட்டை கழலறதுல பின்தங்கி இருந்துச்சு. நான் தலையைப் பிடிச்சேன், அவ துண்டால துடைச்சுட்டு, விரலால இப்படி, இப்படித்தான் தம்பி, குழந்தைக்கு வயிறு நீவற மாதிரி ஒரு நீவு. பாசிமணி கோத்த மாதிரி இறங்குச்சு. அழுத்தவே இல்ல. சாயந்திரம் லென்சுல பாத்தேன், நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல உசுரு பிடிச்சிருந்துச்சு. மறுநாள் தொட்டி முழுக்கக் குஞ்சு, தூசி பறக்கற மாதிரி.

பண்ணை தப்பிச்சுது. ஒன்பது குடும்பமும் தப்பிச்சுது. எப்படித் தப்பிச்சுது? நான் உண்மையைச் சொன்னதால. அதை யாராச்சும் நினைச்சுப் பாத்தாங்களா? மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டாரு. "ராசமாணிக்கம், மீன் செத்துச்சு, அதுக்காக நான் உன்னை ஒண்ணும் சொல்லல. தொழில்ல நடக்கும். அந்தப் பொம்பளை ஒன்பது நாள் தலை குனிஞ்சு நடவுக்குப் போச்சே, நீ பாத்துக்கிட்டு இருந்தியே. வண்டிச் சாவியை வச்சுட்டுப் போ"ன்னாரு.

நீங்களே சொல்லுங்க தம்பி, நடவு நடறது ஒரு கேவலமா? எங்க அம்மா நட்டாங்க. நான் வாயைத் தொறக்காம இருந்திருந்தா இன்னைக்கும் மேனேஜர். உண்மையைச் சொன்னேன், வேலை போச்சு. இதுதான் உலகம்.

வீட்டுல சொல்லல. இந்தப் பதினோரு நாளும் காலையில இந்திராணி டிபன் பாக்ஸ் கட்டிக் குடுக்குறா, கிளம்பிடறேன். வண்டி எங்கன்னு கேட்டா, ஒர்க்‌ஷாப்ல. பட்டுக்கோட்டையில ஏறித் தஞ்சாவூர் போறேன், தஞ்சாவூர்ல ஏறிப் பட்டுக்கோட்டை வர்றேன். கண்டக்டருங்க எல்லாம் பழக்கமாயிட்டாங்க. நேத்துப் பெரிய கோயில் வாசல்ல உக்காந்து சாப்பிட்டேன். எனக்கு ஐம்பத்து மூணு வயசு தம்பி. மீனைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. புது ஆத்துப் பாலத்து மேல போறப்ப எல்லாம் எட்டிக் கீழ பாக்குறேன். எட்டிப் பாத்துட்டு, தண்ணி எத்தனை டிகிரி இருக்கும்னு யோசிக்கிறேன். சிரிக்காதீங்க. சும்மா சொல்லல. ஒரு நாள் வேற மாதிரியும் யோசிச்சேன்.

இன்னைக்கு ஏன் இவ்வளவு பேசறேன்னா, காலையில ஏழு மணிக்குப் போன் வந்துச்சு. யாருன்னு பாத்தா குணவதி.

"சார், புல்கெண்டைக்கு ஊசி போட்டிருக்கோம். பிழியறப்ப தலையைப் பிடிக்கிற பையன் சரியில்ல, நேத்து ஒண்ணைக் கீழ போட்டுட்டான். நீங்க பிடிச்சா மீனு அடங்கி இருக்கும். வர்றீங்களா?"

முதலாளி என்ன சொல்வாருன்னேன். "கேட்டுட்டேன். 'உம்'முன்னாரு. அவரு 'உம்'முன்னா சரின்னுதான் அர்த்தம்"னா.

தலையைப் பிடிக்க! பத்தொன்பது வருஷம் பிழிஞ்ச கை. அவ பிழிவாளாம், நான் தலையைப் பிடிக்கணுமாம். வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. போனை வச்சுட்டேன். பஸ்ல ஏறினேன். மூணு மதகு ஸ்டாப்ல இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாப் பண்ணை. இறங்கலாமா வேண்டாமான்னு ஒரு பக்கம். வேண்டாம்னா வீட்டுக்கு என்ன பதில்னு ஒரு பக்கம். அப்புறம் உங்களைப் பாத்தேன், பேச ஆரம்பிச்சேன். பேசப் பேச, சரி, போயித்தான் பாப்போமேன்னு...

இது எந்த இடம்? அந்தப் பக்கம் என்ன, செங்கல் சூளையா? கண்டக்டர்! ஏங்க கண்டக்டர், மூணு மதகு வந்துடுச்சா? என்னது, தாண்டிடுச்சா? எப்பங்க தாண்டிச்சு, நான் இங்கதானே உக்காந்திருக்கேன்! நிறுத்தச் சொல்லுங்க. ஐயா, நிறுத்தச் சொல்லுங்க, கால்ல விழறேன். அடுத்த ஸ்டாப் ரெண்டு கிலோமீட்டர் தள்ளிங்க, நான் திரும்பி நடந்து போறதுக்குள்ள எல்லாம்... தம்பி, கொஞ்சம் வழி விடுங்க.

இருங்க. போன் அடிக்குது. அவதான்.

குணவதி. ம்... வந்துக்கிட்டுதான் இருக்கேன். இல்ல, பஸ்ஸு... ஸ்டாப்பை விட்டுட்டேன். ஓடி வந்தாலும் அரை மணி ஆகும். மீனு எப்படி இருக்கு? ... சுத்துதா? ... ஆணு பின்னாடியே வருதா? ... இல்ல, அட்டவணையை எதுக்குக் கேக்குற? அதைப் பாக்காத. உனக்கு என்ன தோணுது? ... அப்பப் பிடி. எனக்காக நிறுத்தாத குணவதி, கேக்குதா? அந்தப் பயலையே தலையைப் பிடிக்கச் சொல்லு, ஈரத்துண்டைக் கண்ணு மேல போடச் சொல்லு, மீனு அடங்கும். நீ பிழிஞ்சுடு. இப்பவே பிழிஞ்சுடு.

முதலாளி கேட்டா, மேனேஜர்தான் பிழியச் சொன்னாருன்னு சொல்லு.